ஆக்கியோன் பெயர்



புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில், கடலுக்கு அண்மையில் உயர்ந்து கிடக்கும் செம்மண் மேட்டின்மீது குயிலாப்பாளையம் என்னும் சிற்றூர் இருக்கிறது. முந்திரித் தோப்பும் பனைமரமும் சூழ்ந்த ஊர். மாட்டுப் பொங்கலன்று அவ்வூர் மாடுகளின் கொம்பில் ஏறும் வண்ணத்தைக் காண அயலூர்களிலிருந்தும் மக்கள் வருவர். 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில் அதன் வாயிலிலேயே அமைந்திருப்பதால், அவ்வூர்த் தேநீர்க் கடையில் பல நாட்டு மொழிகள் காதில் விழும். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றபின் நான் அவ்வூரில்தான் குடியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியனை ஊர்ப் பிள்ளைகள் ஓய்வாக இருக்க விடுவதில்லை. ஒரு நாள் மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஐவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். பள்ளியின் செயல்திட்டத்திற்காக அவர்கள் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று ஆக்கியிருந்தனர். படம், ஒலி, எழுத்து, பேச்சு ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த இத்தகைய ஆக்கத்தை இக்காலத்தார் பல்லூடகம் என்கின்றனர். கைப்பேசி ஒன்றையே கருவியாகக் கொண்டு, தங்கள் ஊரின் செம்மண் மேடு மழைநீரால் அரிக்கப்பட்டு ஓடையும் பள்ளமுமாகக் கிடந்ததையும், பின்னர் அதில் வரப்பு கட்டி மரம் வளர்க்கப்பட்டதையும் அவர்கள் காட்டியிருந்தனர். பள்ளியில் அதைப் பார்த்தவர்கள் பாராட்டினர். பெற்றோர் கண் கலங்கினர். அந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் அப்படத்தை யூடியூபில் ஏற்றினர். சிறிது நேரத்திற்குள் அறிவிப்பு ஒன்று வந்தது. படத்தின் பின்னணியில் ஒலிக்கும் திரைப்பாடல் வேறொருவருக்கு உரியது என்றது அது. மறுநாள் படம் ஊமையாகிவிட்டது.

ஐவருள் ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, பள்ளியில் கைதட்டினார்கள். இங்கே குற்றம் என்கிறார்கள். நாங்கள் திருடிவிட்டோமா?"

அவள் குரலில் அச்சத்தைவிட அவமானமே மிகுந்திருந்தது. அந்தக் கேள்விக்கு நான் அன்று திண்ணையில் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் பலர் இத்தகைய படங்களை ஆக்குகிறீர்கள், இனியும் ஆக்குவீர்கள்.

முதலில் பதிப்புரிமை என்பது யாது என்று காண்போம். ஒருவர் ஒரு பாட்டையோ கதையையோ ஓவியத்தையோ ஒளிப்படத்தையோ ஆக்கினால், அதைப் படியெடுக்கவும் பரப்பவும் அவருக்கே உரிமை உண்டு என்பது அதன் சாரம். 1710-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டமே இவ்வகைச் சட்டங்களுக்கு முன்னோடி. அச்சட்டம் தன் தலைப்பிலேயே, கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்று தன்னைக் கூறிக்கொண்டது. இதை நீங்கள் நினைவில் நிறுத்த வேண்டும். ஆக்கியவன் பிழைத்தால்தான் மேலும் ஆக்குவான்; அவன் ஆக்கினால்தான் நாடு கற்கும். எனவே உரிமையைக் கொடுத்ததும் கல்விக்காக. அந்த உரிமைக்கு எல்லை வகுத்ததும் கல்விக்காக.

நம் நாட்டில் இன்று நடப்பிலுள்ளது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அது 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்தாளரின் உரிமை அவர் வாழ்நாள் முழுதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகளும் நிலைக்கும். முன்னர் இது ஐம்பது ஆண்டாக இருந்தது. கவியரசர் தாகூர் 1941-இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை முடியும் வேளையில்தான், 1992-இல், ஐம்பது அறுபதாக உயர்த்தப்பட்டது. அந்தக் காலம் கழிந்தபின் படைப்பு ஊர்ப்பொதுக் கிணறுபோல் ஆகிவிடுகிறது. யாரும் மொள்ளலாம்.

காலம் கழியாத படைப்புகளை மாணவர் தொடவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படியன்று. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எவையெவை உரிமை மீறல் ஆகா என்று நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதில் நமக்கு இன்றியமையாதவை மூன்று. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது குற்றமன்று. கல்விக்கூடத்தின் நிகழ்ச்சியில் மாணவர் நாடகம் நடிப்பதும் பாடுவதும், படமோ இசைத்தட்டோ காட்டப்படுவதும் குற்றமல்ல. ஆனால் காண்போர் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் ஆகியோராகவே இருத்தல் வேண்டும். மூன்றாவது, சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், ஒரு படைப்பைத் திறனாய்வதற்கும், நாட்டு நடப்பைத் தெரிவிப்பதற்கும் அதை நேர்மையான அளவில் கையாளலாம்.

இவ்வுரிமை ஏட்டில் மட்டும் உள்ளதன்று என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயருடைய நகலகம் ஒன்று இருந்தது. ஆசிரியர்கள் பரிந்துரைத்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, ஒரு கட்டாகத் தைத்து மாணவர்க்கு அது விற்று வந்தது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு முதலிய பெரும் பதிப்பகங்கள் 2012-இல் அந்நகலகத்தின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. ஒவ்வொரு நூலையும் விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்களின் படிப்பு அவ்வழக்கில் ஊசலாடியது. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளியது. அவ்வாண்டு திசம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட இரு நீதிபதிகள், கற்பித்தலின் போக்கு என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் நிகழும் பேச்சு மட்டுமன்று என்ற கருத்தை ஏற்றனர். கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே நியாயமான அளவு என்றும் கூறினர். பதிப்பகங்கள் 2017 மார்ச்சில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆகவே அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன முதல் விடை இது: "இல்லை அம்மா. நீங்கள் பள்ளிக்காகப் படம் ஆக்கியபோதும், பள்ளிக் கூடத்தில் பெற்றோர்க்குக் காட்டியபோதும் யார் பொருளையும் திருடவில்லை. சட்டமே உங்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது."

ஆனால் அவர்கள் அக்கதவைத் தாண்டிச் சென்றனர். யூடியூபில் ஏற்றுவது என்றால் என்ன? உலகில் எவரும், எந்நேரமும் காணும்படி அதைப் பரப்புவது. கற்பதற்காகப் படியெடுத்தல் வேறு. பொதுமக்களுக்குப் பரப்புதல் வேறு. வகுப்பில் நீங்கள் அயல்வீட்டுக் குடத்தைக் கடன் வாங்கி நாடகம் நடிக்கலாம். நாடகம் முடிந்தபின் அந்தக் குடத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக எண்ணினால், குடத்துக்கு உடையவரைக் கேட்டாக வேண்டும் அன்றோ?

இவ்விடத்தில் மாணவரிடையே வழங்கும் மூன்று தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். முப்பது வினாடிக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை என்பது ஒன்று. நம் சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கே இல்லை. பணம் வாங்காமல் வெளியிட்டால் குற்றமில்லை என்பது இரண்டாவது. பணம் வாங்காமை உங்கள் நேர்மைக்குச் சான்றாகலாம். அதுவே அனுமதி ஆகிவிடாது. பாடல் இன்னாருக்கு உரியது என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்பது மூன்றாவது. பெயர் சொல்லுதல் கடமை. ஆனால் கடமையைச் செய்ததால் உரிமை வந்துவிடாது.

அப்படியாயின் எப்போது நியாயம், எப்போது நியாயமன்று என்பதை அறிவது எங்ஙனம்? 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுகிறது. எதற்காக எடுத்தாய்? எடுத்த படைப்பு எத்தகையது? எவ்வளவு எடுத்தாய்? நீ எடுத்ததால் உடையவரின் வாணிகத்துக்குக் கேடு உண்டா? நம் நாட்டு நீதிமன்றங்களும் இவற்றை ஒத்த கேள்விகளை எடைபோடுவதுண்டு. இந்நான்கையும் நான் பிள்ளைகளுக்கு ஒரே கேள்வியாகச் சுருக்கிச் சொன்னேன்: அந்தப் பாட்டைப் பற்றிப் பேசுவதற்காக எடுத்தீர்களா, அல்லது அந்தப் பாட்டின் இனிமையைக் கடன் வாங்குவதற்காக எடுத்தீர்களா? ஒரு திரைப்படத்தில் ஒளியும் நிழலும் எவ்வாறு அமைந்துள்ளன என்று விளக்க அதிலிருந்து சிறு காட்சி ஒன்றைக் காட்டினால், அது திறனாய்வு. தங்கள் படம் சுவையாக இருக்க வேண்டும் என்று முழுப் பாட்டையும் பின்னணியில் ஓடவிட்டால், அது பிறர் உழைப்பால் நம் வீட்டுக்கு விளக்கேற்றுவது.

பிள்ளைகள் சற்றே வாடினர். "அப்படியானால் நல்ல பாட்டெல்லாம் பூட்டி வைத்த பாட்டுத்தானா, ஐயா?" என்றான் ஒரு சிறுவன். அதற்கு விடையாக, எங்கள் வட்டாரத்தோடு தொடர்புடைய வரலாறு ஒன்றைச் சொன்னேன்.

குயிலாப்பாளையத்துக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தார் பாரதியார். அவருடைய சிறந்த பாடல்கள் பல அவ்வூரில் பிறந்தவை. 1921-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் பாடல்களின் உரிமை கைமாறிக்கொண்டே சென்றது. அச்சிடும் உரிமை ஒருவரிடமும், இசைத்தட்டில் பதியும் உரிமை வேறொருவரிடமும் போயின. ஒலிப்பதிவு உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் பில்ஹணன் என்ற திரைப்படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது, உரிமை தம்மிடம் இருப்பதாக அவர் அறிவித்தார். சட்டப்படி அவர் சொன்னது தவறன்று. காசு கொடுத்து முறையாக வாங்கியவர் அவர். ஆயினும் தமிழ் மக்கள் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. நாட்டு விடுதலைக்காகப் பாடிய கவிஞனின் பாட்டை நாட்டு மக்கள் பாடுவதற்குத் தனியொருவரின் அனுமதி வேண்டுமா?

எழுத்தாளரும் கலைஞரும் கூட்டம் கூட்டினர். பாரதியின் பாடல்களை விடுதலை செய்க என்று வேண்டினர். 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைத் தான் பெற்றுக்கொள்ளும் முடிவுக்கு வந்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை கேளாமலே விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு பொருள் வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் மக்கள் அனைவருக்கும் உரியவை ஆயின. அம்முடிவை எடுத்த அமைச்சரவைக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த உழவர், இராமசாமி ரெட்டியார். நம் பக்கத்து ஊர்க்காரர்.

இந்த வரலாற்றில் நான் காணும் நீதி, உரிமை கெட்டது என்பதன்று. உரிமையே வேண்டாம் என்பதுமன்று. பூட்டை உடைத்துக்கொண்டு யாரும் உள்ளே போகவில்லை. உடையவரிடம் கேட்டார்கள், உடையவர் கொடுத்தார், கவிஞனின் குடும்பத்துக்கும் வழி செய்யப்பட்டது. அதனால்தான் அந்த விடுதலை இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதன்பின் தமிழ்நாட்டு அரசு, எழுத்தாளர் பலரின் நூல்களை, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமை ஆக்கி வருகிறது. கல்கியின் நூல்கள் 1999-இல் அவ்வாறு ஆயின.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால், அவர் கதைக்கு ஓவியர் வரைந்த படங்களும் பொதுவாகிவிட்டன என்று கொள்ளக் கூடாது. எழுத்து ஒருவருடையது, ஓவியம் மற்றொருவருடையது. பாட்டும் அப்படியே. பாரதியின் சொற்கள் இன்று எல்லார்க்கும் உரியவை. ஆனால் அச்சொற்களுக்கு ஓர் இசையமைப்பாளர் மெட்டமைத்தால் மெட்டில் அவருக்கு உரிமை உண்டு. அதைப் பதிவு செய்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவில், வெளியான ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. ஒரே பாட்டில் மூன்று பேர் உழைப்பு, மூன்று உரிமை. பல்லூடகம் ஆக்குவோர் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நான் சொல்லி முடிக்கும்முன் அந்தச் சிறுவன் துள்ளி எழுந்தான். "அப்படியானால் பாரதி பாட்டை நாங்களே சொந்த மெட்டில் பாடினால்?" என்றான். பாடினார்கள். என் திண்ணையிலேயே, கைப்பேசியை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்தார்கள். தாளம் இரண்டிடங்களில் தப்பியது. ஆயினும் செம்மண் ஓடையின்மேல் அவ்வூர்ப் பிள்ளைகளின் குரல் ஒலித்தபோது, முன்னைத் திரைப்பாட்டில் இல்லாத ஒன்று அப்படத்துக்கு வந்து சேர்ந்தது. அது அந்த ஊரின் குரல்.

பாட்டுக்கு வழி பிறந்தது. ஒளிப்படங்கள் மீந்தன. மேடு வறண்டு கிடந்த காலத்துப் பழைய படங்கள் நான்கினைப் பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுத்திருந்தனர். எடுத்தவர் பெயர் எதிலும் இல்லை. பெயர் இல்லாத பொருள் உடையவர் இல்லாத பொருள் ஆகாது என்றேன். தெருவில் கிடக்கும் பணப்பையில் பெயர் எழுதியா இருக்கிறது? பிள்ளைகள் ஊரில் முதியோர் பலரிடம் விசாரித்தனர். இரண்டு வாரத்தில், அந்நாளில் அம்மேட்டில் படம் எடுத்த பெரியவர் ஒருவர் சற்றுத் தொலைவில் இன்னும் வாழ்கிறார் என்று தெரிந்தது. எழுத்தில் அனுமதி கேட்குமாறு சொன்னேன். என்ன படம், எதற்காக, எங்கே வெளியாகும், பெயரை எவ்வாறு குறிப்போம் என்ற நான்கு செய்திகளும் அடங்கிய அரைப்பக்கக் கடிதம் அது.

கடிதத்தோடு போன பிள்ளைகள் மாலையில் ஓடி வந்தனர். பெரியவர் மூன்று படங்கள் தம்முடையவை என்று ஒப்பி, அவற்றைப் பயன்படுத்தக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். நான்காவது தம்முடையது அன்று என்றார். அதைப் பிள்ளைகள் விட்டுவிட்டனர். அதற்கு ஈடாக, எங்கும் வெளிவராத படங்கள் பதினொன்றை அவர் எடுத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்றில், கன்று நடக் குழி வெட்டும் பெண்களுள் ஒருத்தியாக, அந்தச் சிறுமியின் பாட்டி நின்றிருந்தார். கேளாமல் எடுத்தபோது கிடைத்தவை நான்கு; கேட்டபோது கிடைத்தது ஒரு குடும்பத்தின் வரலாறு.

எல்லாவற்றுக்கும் இப்படித் தேடி அலைய வேண்டும் என்பதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று உடையவரே முன்கூட்டிச் சொல்லி வைத்த பொருள்கள் இணையத்தில் ஏராளம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2002 முதல் அதற்கான உரிமங்களை வகுத்துத் தந்துள்ளது. பெயரைச் சொன்னால் போதும் என்பது ஒரு வகை. வாணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்பது ஒரு வகை. மாற்றாதே என்பது மற்றொரு வகை. உரிமத்தைப் படித்துவிட்டு எடுப்பதே முறை. விக்கிமீடியா பொதுவகத்தில் அத்தகைய படங்கள் நிறைய உள்ளன. பழந்தமிழ் நூல்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஒரு பதிவு நீக்கப்பட்டால் அஞ்சி ஒடுங்கவும் வேண்டா. அந்த அறிவிப்பை அனுப்புவது பெரும்பாலும் ஒலியை ஒலியோடு ஒப்பிடும் பொறி. அது நீதிமன்றம் அன்று. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. நியாயம் இல்லையெனில் திருத்திக்கொள்வதே அழகு.

இதுகாறும் சட்டத்தைச் சொன்னேன். சட்டத்துக்கு முன்பே நம் முன்னோர் வகுத்த நெறி ஒன்று உண்டு. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றைக் கூற வேண்டும் என்று நன்னூல் எட்டுச் செய்திகளை எண்ணிச் சொல்லுகிறது. அவற்றுள் முதலில் நிற்பது ஆக்கியவன் பெயர். அடுத்து நிற்பது அந்நூல் வந்த வழி. அஃதாவது எந்த முன்னூலிலிருந்து இது பிறந்தது என்பது. நூலின் பெயர்கூட அதன் பிறகே வருகிறது. முன்னோர் சொற்களைத் தம் நூலில் எடுத்தாள்வதையும் அந்த இலக்கணம் தடுக்கவில்லை. போற்றி எடுத்தாளச் சொல்லுகிறது. எடுப்பதில் குறையில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதில்தான் குறை. உங்கள் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலே இக்காலத்துப் பாயிரம் என்று கொள்ளுங்கள்.

இவ்வளவும் பிறருக்குச் சொல்லும் நான், ஒரு முறை அந்நெறியிலிருந்து தவறினேன். அதையும் அன்று பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, உங்களிடமும் மறைக்கவில்லை.

நான் இளைஞனாய் நிலநூல் கற்பித்துவந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஊர் ஏரியையும் அதற்கு நீர் கொண்டுவரும் ஓடைகளையும் கால்நடையாகச் சுற்றி அளந்து, அழகிய நிலப்படம் ஒன்று வரைந்தான். அது என்னிடமே இருந்தது. சில ஆண்டு கழித்து ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தொகுக்கும் பணி எனக்கு வந்தது. அப்படத்தை அதில் சேர்த்தேன். முகப்பில் என் பெயர் அச்சாயிற்று. அவன் பெயர் எங்கும் இல்லை. தீய எண்ணம் ஏதும் எனக்கு இல்லை. மாணவன் வரைந்தது பள்ளியின் பொருள், பள்ளியின் பொருள் ஆசிரியனின் பொருள் என்று எண்ணினேன் போலும். எண்ணினேன் என்பதுகூட மிகை, எண்ணவே இல்லை.

இருபது ஆண்டு கழிந்தபின் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் காலைத் தொட்டு வணங்கினார். அதே மாணவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொத்தனாராகி, இப்போது தாமே வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். பேச்சினிடையே, சிரித்துக்கொண்டே கூறினார்: "ஐயா, என் மகள் பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்த ஏரிப் படத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். அப்பா வரைந்தது அம்மா என்றேன். அவள் நம்பவில்லை. கீழே உங்கள் பெயர்தானே இருந்தது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுவே என்னைச் சுட்டது. நான் எடுத்தது ஒரு படத்தை மட்டுமன்று. ஒரு மகள் தன் தந்தையைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கக் கூடிய ஒரு நாளை. அந்தக் கையேடு மீண்டும் அச்சாகவில்லை, திருத்த வழியில்லை. அங்கேயே ஒரு தாள் வாங்கி, இப்படத்தை ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது வரைந்தவர் இவரே என்று என் கையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, நண்பர்களே. பதிப்புரிமை என்றதும், எங்கோ உள்ள பெரிய நிறுவனங்கள் நம்மைத் தடுக்க எழுப்பிய வேலி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் கட்டுரை, உங்கள் ஓவியம், நீங்கள் எடுத்த ஒளிப்படம், நீங்கள் போட்ட மெட்டு ஆகியவற்றுக்கும் அதே சட்டம் காவல் நிற்கிறது. ஆக்கியவரே முதல் உரிமையாளர். அதற்கு வயது வரம்பில்லை. பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உரிமையை விற்றுவிட்டாலும், இதை ஆக்கியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு ஆக்கியவரிடமே விட்டு வைத்திருக்கிறது. உங்கள் ஆசிரியரும் உங்களைக் கேட்க வேண்டும். நான் கேட்டிருக்க வேண்டும்.

குயிலாப்பாளையத்துப் பிள்ளைகளின் படம் இப்போது மீண்டும் யூடியூபில் இருக்கிறது. அதன் இறுதியில் பெயர்கள் ஓடுகின்றன. படம் எடுத்த பெரியவரின் பெயர், நேர்காணல் தந்த பாட்டிமாரின் பெயர்கள், பாடிய ஐவரின் பெயர்கள், பாட்டு பாரதியாருடையது என்ற குறிப்பு. அதைப் பார்த்த அந்தச் சிறுமி என்னிடம், "ஐயா, படத்தைவிடப் பெயர்கள் நீளமாக இருக்கின்றனவே" என்றாள். "இருக்கட்டும் அம்மா, அத்தனை பேர் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன்.